தடைக்காலம் முடிந்ததும் தோள் ஏன் வலிக்கிறது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், நம்ம கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து படகுகள் கிளம்பின கொஞ்ச நாளிலேயே என் கிளினிக் பெஞ்சில் ஒரே மாதிரி வலியோடு ஆட்கள் வந்து உட்காருவார்கள். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை, முழங்கையின் வெளிப்பக்கம் பிடுங்குகிறது, டீ கிளாஸைப் பிடித்தால்கூட நழுவுகிறது. மண்டபமோ பாம்பனோ வேதாளையோ, எந்த ஊர்க்காரராக இருந்தாலும் அவர் சொல்லும் காரணம் சுளுக்கு, இல்லையென்றால் வாயு. கச்சான் காற்றின் மேல் பழி போடுகிறவர்களும் உண்டு. நான் பிசியோதெரபிஸ்ட், காற்றைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இரண்டு மாதம் வலை இழுக்காத தோளை முதல் நாளே பழைய வேகத்தில் இழுக்க வைத்தால் என்ன ஆகும் என்பது தெரியும்.

"வின்ச்தானே தம்பி வலையை இழுக்குது" என்பார்கள். சரி, வின்ச்தான் இழுக்கிறது. மீன் சேர்ந்திருக்கும் வலையின் மடியைப் படகுக்குள் ஏற்றிப் போடுவது யார்? ஐஸை உடைத்து அள்ளுவது, மீன் கூடையைத் தூக்கிக் கொடுப்பது, ஆடுகிற படகில் விழாமல் கயிற்றைப் பிடித்து நிற்பது எல்லாம் கைதானே.

தசையை எலும்போடு சேர்த்துக் கட்டியிருக்கும் வெள்ளைப் பட்டைக்குத் தசைநாண் என்று பெயர். பெரும்பாலும் கொலாஜன் இழைகளால் ஆனது. தசைக்கு ஓடுகிற அளவு ரத்தம் இதற்கு ஓடுவதில்லை, அதனால் தசை சில வாரத்தில் பழகிக்கொள்ளும் வேலைக்கு இது மாதக் கணக்கில் நேரம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் தெம்பாகத்தான் உணர்வீர்கள், தசை தயாராக இருக்கும், தசைநாண் தயாராக இருக்காது. அந்த இடைவெளியில்தான் வலி புகுந்துகொள்கிறது. டாக்டர் சீட்டில் டெண்டினைடிஸ் என்று எழுதியிருப்பது இதைத்தான், தமிழில் தசைநாண் அழற்சி. புதிதாக வந்த வலியில் அழற்சி இருக்கலாம். மாதக் கணக்கில் இழுத்துக்கொண்டு போகிற வலியில், நேராக வரிசையாக இருக்க வேண்டிய இழைகள் கலைந்து, நைந்துபோய், சரியாகத் திரும்பக் கட்டப்படாமல் கிடக்கும். வலி மாத்திரை வலியைக் குறைக்கும், ஆனால் கலைந்த இழையை அது அடுக்கி வைக்காது. மாத்திரை போட்டால் ரெண்டு நாள் நன்றாக இருக்கிறது, விட்டால் திரும்ப வருகிறது என்று எல்லோரும் சொல்வது இதனால்தான்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் வருகிற வலி இல்லை இது. சாயல்குடிப் பக்கம் மாசி, பங்குனியில் பதநீர் இறக்கத் தொடங்கும்போது பனையேறிகளுக்கு அரிவாள் பிடிக்கும் கையில் முழங்கை வலி வரும். பாளையை மெல்லிசாகச் சீவ மணிக்கட்டை விறைப்பாகப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடிக்கும் தசைகளெல்லாம் முழங்கையின் வெளிப்பக்க எலும்பில்தான் வந்து சேர்கின்றன. இதற்கு டென்னிஸ் எல்போ என்று பெயர், நம்ம ஆட்களில் ஒருவரும் டென்னிஸ் ஆடியிருக்க மாட்டார்கள். மரத்தில் குதிகாலைத் தாழ்த்தி முன்பாதத்தை ஊன்றி நிற்பதால் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் அகில்லஸ் தசைநாணும் பாடுபடும்.

பெண்களுக்குப் பெருவிரல். தங்கச்சிமடம், பாம்பன் கரைகளில் விடியற்காலை போனால் பார்க்கலாம், நண்டு வலையை மடியில் போட்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நண்டின் ஓட்டை ஒரு கையின் பெருவிரலால் அமுக்கிக்கொண்டு, கொடுக்கிலும் கால் முள்ளிலும் சுற்றியிருக்கும் நைலான் இழையை மறு கையால் ஒவ்வொன்றாக நெம்பி எடுக்க வேண்டும், வலை கிழியக் கூடாது, நண்டின் காலும் உடையக் கூடாது, உடைந்தால் விலை போய்விடும். ஒரு நண்டு முடிந்ததும் அடுத்தது. இப்படி மணிக்கணக்கில் செய்த கையோடு வீட்டுக்குப் போய்ச் சோறாக்கி, துணி பிழிந்து, பேரப்பிள்ளையை அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் பெருவிரலின் அடியில், மணிக்கட்டுப் பக்கம், சுரீர் என்று இழுக்கும். 1895-இல் சுவிஸ் அறுவை மருத்துவர் டி குவர்வெய்ன் விவரித்த அதே நோய்தான், அவர் பெயரில்தான் இன்னும் வழங்குகிறது. பெருவிரலை உள்ளே மடக்கி மற்ற நான்கு விரலால் மூடிக்கொண்டு, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். பெருவிரல் பக்கம் உயிர் போகிற மாதிரி வலித்தால் அநேகமாக அதுதான். புதிதாகப் பிள்ளை பெற்றவர்களுக்கும் இது அதிகம் வரும்.

இனி வைத்தியம். இங்கேதான் எனக்கும் ஊருக்கும் சண்டை.

முதலில் நீவி விடுவது. எண்ணெய் தேய்த்து இதமாக நீவினால் தப்பில்லை, சுகமாக இருக்கும். ஆனால் வலிக்கிற இடத்திலேயே கட்டை விரலை அழுத்தி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சுளுக்கு எடுப்பவர்களிடம் போகாதீர்கள். ஏற்கனவே நைந்திருக்கிற இடம் அது. பத்துப் போடுவதால் பெரிய கெடுதல் இல்லை, தோல் பொத்துப்போகாமல் பார்த்துக்கொண்டால் சரி.

அடுத்தது முழு ஓய்வு. "ஒரு மாசம் கையை அசைக்காதீங்க" என்று யாராவது சொன்னால் அது கேட்க நல்லாயிருக்கும், ஆனால் கடலுக்குப் போகாவிட்டால் பங்கு கிடைக்காது. போதாததற்கு, முழுசாக ஓய்வெடுத்த தசைநாண் இன்னும் பலவீனமாகிறது, திரும்ப வேலைக்குப் போன வாரமே வலி வந்துவிடுகிறது. வலியைத் தூண்டும் அந்த ஒரு அசைவைக் குறையுங்கள், மற்ற வேலையைச் செய்யுங்கள். உதாரணத்துக்கு முழங்கை வலி உள்ளவர்கள் கூடையையோ ஐஸ் பெட்டியையோ உள்ளங்கை கீழே பார்க்கப் பிடித்துத் தூக்கக் கூடாது. உள்ளங்கை மேலே பார்க்க, உடம்போடு ஒட்டித் தூக்கினால் பாதி வலி குறையும். மெல்லிசான கத்திப்பிடியைச் சைக்கிள் டியூப் சுற்றித் தடிமனாக்கினால் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. பிள்ளையைப் பெருவிரலை விரித்துத் தூக்காமல், முன்கையை அடியில் கொடுத்து அள்ளித் தூக்குங்கள்.

அதோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கொடுக்க வேண்டும், இதுதான் மருந்து. இதைச் சொன்னதும் ஒரு அண்ணன் கோபப்பட்டார்: "நஞ்ச கயித்துல இன்னும் எடை கட்டச் சொல்றீகளே தம்பி?" நல்ல கேள்வி. ஆனால் கயிறுக்கு உயிர் இல்லை, நைந்தால் நைந்ததுதான். தசைநாண் உயிருள்ளது, அளவான இழுவிசை கிடைத்தால்தான் அது புது இழையைச் சரியான திசையில் கட்டுகிறது.

முழங்கைக்கு நான் சொல்லிக்கொடுப்பது இது. முன்கையை மேஜையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டை ஓரத்துக்கு வெளியே விடுங்கள். முதல் ஒன்றிரண்டு வாரம் கையை அசைக்காமல் மேல்நோக்கித் தள்ளுங்கள், மறு கையால் அதைத் தடுத்துப் பிடியுங்கள், 30 முதல் 45 வினாடி, நான்கைந்து தடவை. வலி அடங்கி வந்ததும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து, நல்ல கையின் உதவியால் மணிக்கட்டை மேலே தூக்கி, வலிக்கிற கையால் மட்டும் மூன்று நான்கு வினாடி எடுத்து மெதுவாக இறக்குங்கள். 15 தடவை, மூன்று சுற்று. சுலபமாகிவிட்டால் ஒரு லிட்டர் பாட்டில்.

குதிகாலுக்கு, ஸ்வீடன் எலும்பு மருத்துவர் ஆல்ஃப்ரெட்சன் 1998-இல் வெளியிட்ட முறையைத்தான் இன்னும் உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வாசற்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, இரண்டு காலாலும் எம்பி, வலிக்கிற காலில் மட்டும் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். முழங்கால் நேராக 15 தடவை மூன்று சுற்று, லேசாக மடக்கி 15 தடவை மூன்று சுற்று, காலை மாலை இரண்டு வேளையும், 12 வாரம். வலி குதிகால் எலும்பிலேயே ஒட்டி இருந்தால் மட்டும் படிக்குக் கீழே இறக்காமல் சமதரையில் செய்யுங்கள்.

செய்யும்போது லேசாக வலிக்கும், அதற்குப் பயந்து விட வேண்டாம். பத்துக்கு மூன்று வரை வலி பரவாயில்லை. மறுநாள் காலையில் வலி முன்னைவிடக் கூடியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம் என்று அர்த்தம், குறைத்துக்கொள்ளுங்கள். 12 வாரம் என்றதும் முகம் சுருங்கும், எனக்கும் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. வேகமாக முடியாது.

இதில் ஒரு வசதி, வலி வருவதற்கு முன்னாலேயே இதைத் தொடங்கலாம். மே மாதம் கரையில் சும்மா இருக்கும் தோளுக்கு, மரத்தில் கட்டிய ரப்பர் டியூபை இழுப்பது, தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இறக்குவது என்று ஒன்றுவிட்டு ஒருநாள் பத்து நிமிஷம் வேலை கொடுத்தால் முதல் வலை அவ்வளவு அடிக்காது.

ஊசி பற்றிக் கேட்காத ஆள் கிடையாது. டென்னிஸ் எல்போவுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரம் அற்புதமாக இருக்கும். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் ஊசி போடாதவர்களே தேவலை என்று ஆய்வுகளில் வந்திருக்கிறது. குதிகால் தசைநாணில் ஊசி போட்டால் தசைநாணே அறுந்துபோகும் அபாயம் உண்டு, அங்கே வேண்டவே வேண்டாம். ஆனால் நண்டு வலைப் பெருவிரலுக்கும், விரல் மடங்கி டக்கென்று சிக்கிக்கொள்கிற நோய்க்கும் ஊசி நன்றாகவே கேட்கிறது, அதைத் தடுக்க மாட்டேன். பெருவிரலை அசையாமல் பிடிக்கும் பட்டையை முதலில் சில வாரம் போட்டுப் பாருங்கள், அப்புறம் ஊசி.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த விரல் சிக்கலும் தோள் இறுக்கமும் கூடுதலாக வரும், ஆறவும் நாளாகும். கீழக்கரையிலிருந்து வந்த ஒரு லாத்தா இரண்டு கையிலும் விரல் சிக்குகிறது என்றுதான் வந்தார், ரத்தப் பரிசோதனை எடுத்ததில்தான் சர்க்கரை இருப்பதே தெரிந்தது.

வயிற்றுப்போக்கு என்று மெடிக்கலில் நீங்களாகவே கேட்டு வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் மாத்திரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த வகை மாத்திரைகள் தசைநாணைப் பாதிக்கும், அரிதாக அறுத்தும் விடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இலேயே கடுமையான எச்சரிக்கை போட வைத்தது. 60 வயதுக்கு மேல், அல்லது ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அபாயம் கூடுதல். மாத்திரை தொடங்கிய பிறகு குதிகால் வலித்தால் அடுத்த வேளை போடுவதற்கு முன் டாக்டரிடம் கேளுங்கள். டைக்ளோபினாக் என்ற வலி மாத்திரையையும் வெறும் வயிற்றில், தண்ணீர் சரியாகக் குடிக்காமல், படகில் நாள் முழுக்க வெயிலில் நின்றுகொண்டு போடாதீர்கள். சிறுநீரகம் அதைத் தாங்காது.

கெண்டைக்கால் பின்னால் யாரோ அடித்த மாதிரி டப்பென்று கேட்டு, அதற்குப் பிறகு அந்தக் காலில் எம்பி நிற்க முடியவில்லை என்றால் தசைநாண் அறுந்திருக்கலாம், அன்றைக்கே எலும்பு டாக்டர். சிவந்து வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் நீவிக்கொண்டு இருக்காதீர்கள். இளவயதுப் பையனுக்கு ரெண்டு குதிகாலும் வலித்து, காலையில் இடுப்பும் நெடுநேரம் பிடித்துக்கொண்டால் அது பாரம் தூக்கி வந்த வலி இல்லை, வாதநோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இடது தோளும் கையும் வலிக்கிறது, கூடவே நெஞ்சு கனக்கிறது, வியர்க்கிறது என்றால் என்னிடம் வராதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.