அந்தியேட்டி முடிந்ததும் அடுப்புக்குப் போகும் கொப்பிகள்

பழைய கடதாசிகள் வீட்டை விட்டுப் போவதற்கென்று சில காலங்கள் இருக்கின்றன. வீட்டுத்திட்டத்தில் புதுவீடு எழும்பிப் பழைய கொட்டிலைப் பிரிக்கும்போது, வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்து வீட்டைத் துப்புரவாக்கும்போது, எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுப் பெரியவர் காலமாகி அந்தியேட்டி முடிந்த கையோடு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வடக்குப் பக்கம் வீடுகளில் கிடக்கும் பழைய கையெழுத்துகளைத் துப்புரவாக்கி, படம்பிடித்து, பாதுகாத்து வைக்க உதவுவது என் தொழில். போகும் வீடுகளில் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் ஒரு பைக்குள் பத்திரமாக இருக்கும். இத்தனை இடம்பெயர்வு கண்ட சனத்துக்கு எந்தக் கடதாசியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அப்பு எழுதிய டயறி ஏதும் இருக்கிறதா என்று கேட்டால்தான், "அது சும்மா கணக்குத் தம்பி, மழை பெய்தது, நெல் விதைத்தது, அதை வைச்சு என்ன செய்யப் போறீங்கள்?" என்று வரும். போன கிழமைதான் எரித்தோம் என்றும் வரும்.

அந்தச் சும்மா கணக்குக்காகத்தான் இதை எழுதுகிறேன். சண்டை நடந்த திகதிகள் பத்திரிகைகளில் இருக்கின்றன, அறிக்கைகளில் இருக்கின்றன. அதே நாளில் வட்டக்கச்சியில் ஒரு வீட்டில் என்ன சமைத்தார்கள், விளக்குக்கு எண்ணெய் எங்கிருந்து வந்தது, காய்ச்சல் கண்ட பிள்ளையை எதில் ஏற்றி எங்கே கொண்டுபோனார்கள் என்பது அந்த வீட்டுக் கொப்பியை விட்டால் வேறெங்கும் இல்லை.

ஒரு கொப்பியைப் பற்றிச் சொல்கிறேன், குடும்பத்தின் சம்மதத்தோடு, ஊர் பெயரை விட்டுவிட்டு. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்த ஒரு கமக்காரர் எழுதியது, தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மட்டை இல்லை. முதல் பக்கங்களில் எழுத்து பெரிதாக, தாராளமாக இடம்விட்டு இருக்கிறது. போகப் போகச் சுருங்குகிறது, ஒரு கோட்டுக்கு இரண்டு வரி, அப்புறம் ஓரத்திலும் மேல்விளிம்பிலும் நெருக்கி நெருக்கி. பொருளாதாரத் தடைக் காலம், கொப்பிக்கும் தட்டுப்பாடு. நீல மை பென்சிலாக மாறுகிறது. சில பக்கங்களில் எண்ணெய் ஊறிய பொட்டுகள், அவற்றின் வழியே மறுபக்கத்து எழுத்து தெரிகிறது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கை வன்னியில் அந்தக் காலத்தில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த விளக்கோடு ஒட்டிக் கொப்பியை வைத்துத்தான் மனுசன் எழுதியிருக்கிறார். எழுதியது என்ன? காலபோக விதைப்பு, யாருக்கு எத்தனை புசல் விதைநெல் கடனாகக் கொடுத்தது, நாம்பன் ஒன்று காட்டுக்குள் போய்த் தேடி அலைந்தது, மகளுக்கு மலேரியா. 1996இல் கிளிநொச்சிச் சனம் இடம்பெயர்ந்த நாட்களுக்கு வந்தால், ஓர் இடத்தின் பெயர், அடுத்த நாள் இன்னோர் இடத்தின் பெயர், பிறகு வெற்றுப் பக்கங்கள். அதன்பின் வேறு பேனை, வேறு ஊர். வயல்கணக்கு எழுதியவர் கூலிக்கணக்கு எழுதுகிறார். மாடுகளைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வரியும் இல்லை.

குடும்பம் இடம்பெயர்வுப் பக்கத்தை மட்டும் கழற்றி எடுத்துப் பிரேம் போட்டு மாட்ட யோசித்தது, மிச்சத்தை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் நாம்பனைத் தேடிய பக்கம் கையில் இல்லாவிட்டால், பின்னுக்கு மாடே இல்லாமல் போனது யாருக்குத் தெரியப் போகிறது? இழந்தது என்ன என்பதை முன்பக்கங்கள்தான் சொல்கின்றன. எங்கள் வீடுகளில் பெரும்பாலும் தலைகீழாகத்தான் தெரிவு நடக்கிறது, செத்தவீட்டுப் பக்கத்தை வைத்துக்கொண்டு சந்தைவிலை எழுதிய பக்கத்தை வீசுகிறோம்.

வெளியிலும் இப்படி வீசப்பட இருந்தவை உண்டு. அமெரிக்காவில் மெய்ன் என்ற பகுதியில் மார்த்தா பலர்ட் என்று ஒரு மருத்துவிச்சி, 1785 முதல் 1812இல் இறக்கும்வரை 27 வருடம் நாட்குறிப்பு எழுதினார். ஆறு உறைந்ததா, யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, கூலி கொடுத்தார்களா, எவ்வளவு நூல் நூற்றது, இவ்வளவுதான். 800க்கும் மேற்பட்ட பிரசவங்கள் அதில் பதிவாகியிருக்கின்றன. பழைய உள்ளூர் வரலாற்றுக்காரர்கள் புரட்டிப் பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றுமில்லை என்று ஒதுக்கினார்கள். அவருடைய வழியில் வந்த ஒரு பெண், அவரும் மருத்துவர், அதைக் காப்பாற்றி நூலகத்துக்குக் கொடுத்தார். பிற்பாடு ஒரு வரலாற்றாசிரியை அந்த நூற்ற கணக்கையும் கூலிக் கணக்கையும் வரி வரியாகச் சேர்த்துப் படித்து, அந்தக் காலத்துப் பெண்களின் உழைப்பு எப்படி ஒரு ஊரையே நடத்தியது என்று 1990இல் நூல் எழுத, அது அடுத்த வருடம் புலிட்சர் பரிசு பெற்றது. ஒதுக்கப்பட்ட அதே வரிகளிலிருந்துதான் அது வந்தது.

தமிழில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736இலிருந்து 1761வரை எழுதியது எல்லோருக்கும் தெரியும். அவர் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரின் பெரிய துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகரும், சாதாரண ஆள் இல்லை. ஆனாலும் இன்று அதில் என்னை இழுப்பது கப்பல் வந்த செய்தியும் யார் யாரோடு கோபித்துக்கொண்டார்கள் என்பதும்தான். பிரித்தானியாவில் 1937இல் தொடங்கிய மாஸ் ஒப்சர்வேஷன் என்ற அமைப்பு, யுத்தம் வந்தபோது சாதாரண சனத்திடம் நாட்குறிப்பு எழுதி அனுப்பச் சொல்லிக் கேட்டது. நெல்லா லாஸ்ட் என்ற குடும்பப் பெண் 1939இல் தொடங்கியவர் 1966வரை நிறுத்தவில்லை. பங்கீட்டு அட்டைக்குக் கிடைத்ததை வைத்து எப்படிச் சமைத்தேன் என்று அவர் எழுதியதைப் படித்தால் எங்களுடைய தடைக்கால ஆச்சிமார் நினைவுக்கு வருவார்கள். அந்த நாட்குறிப்புகள் இன்று சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட நெருக்கமானது இத்தாலியில் உள்ள பியவே சாந்தோ ஸ்தெஃபானோ. சின்ன ஊர். 1944இல் பின்வாங்கிப் போன ஜேர்மன் படை கண்ணிவெடி வைத்து ஊரை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டுப் போனது. 40 வருடம் கழித்து, 1984இல், சவேரியோ துத்தினோ என்ற பத்திரிகையாளர் அதே ஊரில், நாட்டின் எந்தச் சாதாரண ஆளும் தன் டயறியை, கடிதத்தை, வாழ்க்கைக் குறிப்பை அனுப்பலாம் என்று ஒரு காப்பகம் தொடங்கினார். அங்கே ஒரு கட்டில் விரிப்பு இருக்கிறது. கிளேலியா மார்க்கி என்ற விவசாயக் குடும்பத்துப் பெண், 1972இல் கணவர் விபத்தில் போன பிறகு, இரவில் நித்திரை வராமல் எழுதத் தொடங்கினார். கடதாசி முடிந்துபோக, கலியாணத்து விரிப்பை எடுத்து விரித்து, தங்கள் இருவருடைய வாழ்க்கையையும் வரி வரியாக அதில் எழுதினார். உடைந்து கிடந்த ஒரு ஊர் இன்று ஒரு நாட்டின் சாதாரண சனத்தின் எழுத்தையெல்லாம் வைத்திருக்கிறது. கிளிநொச்சியில் அப்படி ஒன்று ஏன் கூடாது என்று நான் கேட்காத கூட்டமில்லை. ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தும் நூலகம் நிறுவனம் 2005இலிருந்து வேலை செய்கிறது. வீட்டுக்குள் இருப்பதை வெளியில் எடுத்துக் கொடுக்க நாங்கள்தான் முன்வர வேண்டும்.

எங்களிடம் மிச்சமே குறைவு. டயறி கையில் இருப்பதே பயமாக இருந்த காலமும் உண்டு, எரித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பங்கருக்குள் புதைத்துவிட்டுப் போனவை கறையானுக்கும் மழைக்கும் போயின. அதனால், இருக்கிறதை இனிமேலும் எங்கள் கையாலேயே கெடுக்காமல் இருப்போம். நான் அதிகம் காண்கிற கேடு லமினேற் பண்ணுவது. கடையில் கொடுத்தால் பளபளவென்று வரும், சூட்டில் கடதாசியோடு ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக்கைப் பிறகு யாராலும் சேதமில்லாமல் பிரிக்க முடியாது. செலோரேப்பும் அப்படித்தான், சில வருடத்தில் மஞ்சளாகிக் கறையை விட்டுவிட்டு உதிரும். துருப்பிடித்த பின்னை மெதுவாகக் கழற்றிவிடுங்கள். கொப்பியைப் பொலித்தீன் பைக்குள் இறுக்கிக் கட்டினால் உள்ளே ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கும். துவைத்துக் காய்ந்த பருத்தித் துணியில் சுற்றி, நிலத்தில் படாமல், வெளிச்சுவரோடு ஒட்டாமல் வையுங்கள், வெயில் காலத்தில் ஒருக்கால் எடுத்துப் பாருங்கள். வீட்டிலுள்ள குமிழ்முனைப் பேனை எழுத்தும் பென்சில் எழுத்தும் தண்ணீரை ஓரளவு தாங்கும், மை ஊற்றி எழுதும் பேனையின் எழுத்து கரைந்து ஓடிவிடும், அதனால் அப்படிப்பட்ட கொப்பிகளை முதலில் படம்பிடித்து வையுங்கள்.

வெள்ளத்தில் நனைந்துவிட்டால்? 2018 மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கொப்பிகளை முற்றத்து வெயிலில் பரப்பிக் காயவைத்ததைப் பார்த்தேன், அப்படிச் செய்தால் தாள் முறுகும், எழுத்து வெளிறும். நிழலில், காற்றாடிக்குக் கீழே, பக்கங்களுக்கிடையில் வெள்ளைத் தாள் செருகி மாற்றி மாற்றி உலர்த்துங்கள், எழுத்துள்ள பத்திரிகைத் தாள் வேண்டாம், அதன் மை ஒட்டும். ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிடித்து இழுக்காதீர்கள். இரண்டு மூன்று நாளுக்குள் பூஞ்சணம் வந்துவிடும் என்பதால், உடனே உலர்த்த முடியாத அளவு இருந்தால் பையில் போட்டு ஃபிரீசருக்குள் வையுங்கள். கெடுவது அப்படியே நின்றுவிடும், ஆறுதலாக ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம்.

போனில் படம்பிடிக்கும்போது யன்னல் வெளிச்சம் போதும், பிளாஷ் வேண்டாம். மட்டை, வெற்றுப் பக்கம், கிறுக்கிய பக்கம் எல்லாவற்றையும் வரிசை மாறாமல் எடுங்கள், பிரதி ஒன்றை வேறு ஊரில் உள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். எழுதியவர் உயிரோடிருந்தால் அது பெரிய கொடுப்பினை, பக்கத்தில் இருத்தி வாசிக்கச் சொல்லிக் குரலைப் பதிவு செய்யுங்கள். "சின்னவன் வந்தான்" என்றிருந்தால் அந்தச் சின்னவன் யார் என்று இன்னும் பத்து வருடத்தில் சொல்ல ஆள் இருக்காது.

ஒரு விடயத்தில் மட்டும் அவசரப்பட வேண்டாம். படம்பிடித்த சூட்டோடு முகநூலில் போடாதீர்கள். எழுதியவர் உங்கள் அப்புவாக இருக்கலாம், அதில் வருகிற ஆட்கள் அடுத்த வீட்டுக்காரர். யார் கடன்பட்டார்கள், யாருடைய பிள்ளை எப்போது வீட்டைவிட்டுப் போனது, யார் யாரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும், அவர்களில் பலர் இன்றும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். காணாமல் போன ஒருவரைக் கடைசியாகக் கண்ட திகதியும் இடமும் எழுதப்பட்டிருந்தால், அந்தப் பக்கத்தில் ஒரு கோடும் கீறாமல், அடிக்குறிப்பு எழுதாமல் அப்படியே விட்டு, அவரைத் தேடிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரரிடம் முதலில் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர்களுக்கும், பிற்பாடு அதைக் கேட்டு வருகிற எந்த அலுவலகத்துக்கும், பிரதியைக் கொடுங்கள். மூலக் கொப்பியைக் கை மாற்ற வேண்டாம்.