கையடக்கப் பணியகத்தில் யார் வேலை பார்க்கிறார்கள்?

"கையடக்கப் பணியகங்களின் சந்தையைக் கைபேசிகள் பிடித்துக்கொண்டன." கையில் பிடித்து வீடியோ கேம் ஆடும் கருவிக்கு, ஆங்கிலத்தில் 'ஹேண்ட்ஹெல்ட் கன்சோல்' என்பதற்கு, தமிழ்க் கட்டுரைகளில் இப்படி எழுதுகிறார்கள். இந்தப் பணியகத்தை முதல் தடவை பார்த்தபோது சிரித்துவிட்டுப் போய்விட்டேன். இது நான்காவது தடவை. பணியகம் என்றால் பணி நடக்கும் இடம், அலுவலகம். நிண்டெண்டோ நிறுவனத்தின் கேம் பாய் போன்ற ஆட்டக் கருவிக்குள் எந்த அலுவலகம் இருக்கிறது?

மூலச்சொல் கன்சோல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் சுவரிலிருந்து நீண்டு மேலிருப்பதைத் தாங்கும் தாங்கிக்குப் பெயர். பிறகு ஆர்கன் இசைக்கருவியின் விசைகள் இருக்கும் மேசை, அப்புறம் பொத்தானும் குமிழும் பதித்த கட்டுப்பாட்டுப் பலகை, கடைசியில் ஆட்டம் ஆடும் பெட்டி. ஆறுதல் சொல்வதற்கான ஆங்கில வினைச்சொல்லுக்கும் இதே எழுத்துகள்தான் என்பதால் 'விளையாட்டு ஆறுதல்' என்று ஒரு மொழிபெயர்ப்பையும் கண்டிருக்கிறேன். பணியகத்துக்கு அது தேவலை. தோற்றவனுக்கு ஏதோ கிடைக்கிறது.

கணினியில் கட்டளைகளைத் தட்டும் திரைக்கும் கன்சோல் என்று பெயர் உண்டு. அங்கே உட்கார்ந்து வேலை பார்ப்பதால் பணியகம் என்று யாரோ பெயர்த்திருக்க வேண்டும். அங்கேயே இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். சொல்பட்டியலைத் திறந்து முதலில் அகப்பட்டதை ஒட்டிவிட்டுப் போகிறவர்களால்தான் அது விளையாட்டுப் பெட்டிக்குள் குடியேறியது.

சரி, பணியகத்தை விடுங்கள். அதைவிடப் பெரிய சிக்கல் 'கையடக்க' என்ற முன்பாதியில் இருக்கிறது. ஹேண்ட்ஹெல்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள் கையில் பிடிப்பது என்பதுதான். கையடக்கம் என்றால் கைக்குள் அடங்குவது. 1980இல் நிண்டெண்டோ கொண்டுவந்த கேம் அண்ட் வாட்ச் என்ற சிறு ஆட்டக் கருவி அடங்கும், மறுக்கவில்லை. 2022இல் வந்த ஸ்டீம் டெக் என்ற ஆட்டக் கருவி கிட்டத்தட்ட 30 செ.மீ. அகலம், 669 கிராம் எடை. இரண்டு கையாலும் பிடித்தால்தான் நிற்கும். இது எந்தக் கைக்குள் அடங்கும்?

உண்மையில் கைக்கு அடங்குவது எதிராளியான கைபேசிதான். இலங்கைத் தமிழில் அதற்குக் கையடக்கத் தொலைபேசி என்றே பெயர். அப்படியிருக்க, 'கையடக்க விளையாட்டுகள் சரிந்தன' என்று எழுதினால் சரிந்தது யார்? போட்டியைப் பற்றிய கட்டுரையில் போட்டியாளர் இருவருக்கும் ஒரே சட்டையை மாட்டிவிட்டால் படிப்பவர் என்ன செய்வார்?

இந்தக் குழப்பத்தில் நல்ல கதை ஒன்று காணாமல் போகிறது. 2004இல் வந்த நிண்டெண்டோ டிஎஸ் என்ற, கையில் பிடித்து ஆடும் பெட்டி சுமார் 15.4 கோடி விற்றது. 2008இல், கைபேசியில் ஆட்டங்களை இறக்கிக்கொள்ளும் கடையான ஆப்பிளின் ஆப் ஸ்டோர் திறந்தது. டிஎஸ்ஸுக்கு அடுத்ததாக 2011இல் வந்த 3டிஎஸ், சில மாதங்களிலேயே விலையைப் பெரிதாகக் குறைத்தும், கடைசிவரை சுமார் 7.6 கோடிதான் விற்றது, ஏறக்குறைய பாதி. அதே வகையைச் சேர்ந்த சோனியின் வீட்டா கதை இன்னும் பரிதாபம். பேசுவதற்காக வாங்கிய கருவி ஏற்கெனவே சட்டைப்பையில் இருக்கிறது, ஆட்டங்களில் பல இலவசம். இன்னொரு பெட்டியை எதற்குத் தூக்க வேண்டும் என்று பலர் நினைத்தார்கள். ஆனால் பொத்தானை விரலால் உணர்ந்து அழுத்தும் சுகம் கண்ணாடித் திரையில் வராது. 2017இல் வந்த நிண்டெண்டோவின் ஸ்விட்ச், கையிலும் தொலைக்காட்சியிலும் ஆடும்படி அமைந்து, 15 கோடியைத் தாண்டியது. இவற்றில் எது பெட்டி, எது பேசி என்று தெரியாவிட்டால் இந்தப் பத்தியே விளங்காது.

அப்படியானால் என்ன சொல்வது? 'கையேந்தி' என்று ஒரு நண்பர் சொன்னார். கையில் ஏந்துவதுதான், இலக்கணப்படி குற்றமில்லை. ஆனால் கையேந்துவது என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது பிச்சை. 'விளையாட்டுக் கருவி' என்றால் மட்டையும் பந்தும் வந்து நிற்கின்றன. 'ஆடுபொறி' அழகான வினைத்தொகை, எலிப்பொறியை நினைக்காதவரை.

நான் எழுதுவது ஆட்டப்பெட்டி. வானொலிப்பெட்டி, தொலைக்காட்சிப்பெட்டி என்று பழகிய வாய்க்கு இது உறுத்தாது. கையில் பிடிப்பதற்குக் கை ஆட்டப்பெட்டி. கைவிளக்கு, கைப்பை போல. இடைவெளி விட்டுத்தான் எழுதுகிறேன். சேர்த்து எழுதினால் கையாட்டி வழியனுப்பும் பெட்டி போலாகிவிடும், புணர்ச்சி விதிக்காரர்கள் மன்னிக்க வேண்டும். மற்றதற்குக் கைபேசி ஆட்டம். இதுவும் பிடிக்காதவர்கள் கன்சோல் என்றே எழுதட்டும், பணியகத்தைவிட அது ஆயிரம் மடங்கு தெளிவு.

ஒரே ஒரு கருவியில்தான் எனக்குத் தடுமாற்றம். 2003இல் நோக்கியா கொண்டுவந்த என்-கேஜ் பாதி பேசி, பாதி ஆட்டப்பெட்டி. பேச வேண்டுமானால் அதன் விளிம்பைக் காதில் வைக்க வேண்டும். ஆட்டத்தை மாற்ற வேண்டுமானால் பின்மூடியைத் திறந்து பேட்டரியைக் கழற்ற வேண்டும். அதற்கு மட்டும் வேண்டுமானால் பணியகம் என்ற பெயரை விட்டுக்கொடுக்கிறேன்.