பழைய 86 நல்லதா, புதிய 86 நல்லதா?

யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழாக் காலம் வந்தால் என் கராஜில் வேலை கூடிவிடும். வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் நாலைந்து வருசம் கொட்டிலில் நின்ற காரைக் கயிறு கட்டி இழுத்து வருவார்கள். கொழும்பில் இருந்து ஊருக்கு ஓடி வந்த கார்கள், ஏதோ ஒரு லைட் எரிகிறது என்று வந்து நிற்கும். போன வருசம் ஒரே காலையில் இரண்டு டொயோட்டா 86 ஸ்போர்ட்ஸ் கார்கள் வந்தன. ஒன்று மாமாவின் பழைய ட்ரூனோ, மற்றது மருமகனின் 2012 மொடல். வரும்போதே இருவருக்கும் வாக்குவாதம்.

"அண்ணை, நீங்களே சொல்லுங்கோ, எது நல்ல கார்?" என்றான் மருமகன்.

மாமா என்னைப் பேச விடவில்லை. "உன்ரை கார் இல்லையடா, சக்கரம் பூட்டின கொம்பியூட்டர்" என்றார்.

இதே கேள்வியை இப்போது வேறு சிலரும் கேட்கிறார்கள். 2020இல் நின்றுபோன வாகன இறக்குமதி 2025இல் திரும்பத் தொடங்கியதில் இருந்து, கையில் கொஞ்சம் காசு உள்ள இளைஞர்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்திருக்கிறது. ஆசை பிழையில்லை, எனக்கும் இருந்தது. ஆனால் எல்லாரும் குதிரைவலுவைத்தான் கேட்கிறார்கள். அதைக் கடைசியாகக் கேட்டால் போதும் என்பது என் எண்ணம்.

முதலில் கார்களைப் பற்றி. 86 என்ற எண், பழைய காரின் ஏஈ86 என்ற குறியீட்டில் இருந்து வந்தது. கொரோலா வரிசையில் லெவின், ட்ரூனோ என்று இரண்டு பெயர்களில் 1983 முதல் 1987 வரை செய்தார்கள். மற்றக் கொரோலாக்கள் முன்சக்கர இழுவைக்கு மாறிய காலத்தில், இது பின்சக்கர இழுவையிலேயே நின்றது. 1.6 லீற்றர் என்ஜின், 16 வால்வு, அன்றைய ஜப்பானிய அளவீட்டில் 130 குதிரைவலு. எடை ஒரு தொன்னுக்கும் குறைவு. 2012இல் டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து புதிய 86ஐக் கொண்டு வந்தன. சிலிண்டர்கள் படுத்த நிலையில் எதிரெதிராக இயங்கும் 2 லீற்றர் பொக்ஸர் என்ஜின், 200 குதிரைவலு. 2021இல் வந்தது ஜிஆர்86. அதில் என்ஜின் 2.4 லீற்றராகி, ஜப்பானில் 235 குதிரைவலு ஆனது.

இதில் ஓட்டுபவருக்கு உறைக்கும் வித்தியாசம் குதிரைவலுவில் இல்லை, இழுவிசையில் (என்ஜின் தண்டை முறுக்கும் பலத்தில்) இருக்கிறது. 2012 காரின் உச்ச இழுவிசை 205 நியூட்டன் மீற்றர். அது வர என்ஜின் நிமிடத்துக்கு 6400 சுற்றுக்கு மேல் போகவேண்டும். ஜிஆர்86இல் 250 நியூட்டன் மீற்றர் 3700 சுற்றிலேயே வந்துவிடுகிறது. அதாவது 2012 காரை விரட்டினால்தான் ஓடும், ஜிஆர்86 சும்மா மிதித்தாலே பாயும்.

நம்முடைய வீதிகளில் ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. பழைய ட்ரூனோ 70இல் போனால் கண்ணாடி அதிரும், காற்று இரையும், ஸ்டியரிங் கையில் துடிக்கும். 70 என்பது உங்கள் உடம்புக்கே தெரியும். புதிய காரில் 120இலும் பாட்டுக் கேட்டுக்கொண்டு இருக்கலாம். ஆனால் 70இல் போகும் காரை நிறுத்துவதைவிட, 120இல் போகும் அதே காரை நிறுத்த பிறேக் ஏறத்தாழ மூன்று மடங்கு சக்தியைத் தின்னவேண்டும். வேகம் இரண்டு மடங்கு ஆகவில்லையே என்று நினைப்பீர்கள். சக்தி வேகத்தின் வர்க்கத்தில் கூடும், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வடக்கில் விரைவுப்பாதை இல்லை. சங்குப்பிட்டிப் பாலம் கடந்து பூநகரிப் பக்கம் போகும் நேர் வீதியில் இரவில் மாடு படுத்திருக்கும். எந்தக் காரின் கணினிக்கும் அந்த மாட்டின் எண்ணம் தெரியாது.

மருமகன் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப மாமாவின்ரை கார்தான் பாதுகாப்போ?" என்றான். இல்லவே இல்லை. பழைய காரில் காற்றுப்பை கிடையாது, பிறேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது, வழுக்கினால் பிடித்துத் தரும் அமைப்பு ஒன்றும் கிடையாது. பின்பக்கம் ஒரே இரும்பு அச்சு. வளைவில் ஒரு பள்ளம் வந்தால் பின் சக்கரம் இரண்டும் சேர்ந்து துள்ளும். பண்ணை வீதியில் கடற்காற்று கொண்டு வந்து போடும் மணல் மேல் திடீரென்று பிறேக் அடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பிறகு ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் நேரேதான் போகும். அதோடு மாமாவின் காரில் சீட் பெல்ட் இழுத்தால் வந்தது, விட்டால் திரும்பிப் போகவில்லை. நாற்பது வருசத்துப் பெல்ட் அது. முதல் வேலையாக அதை மாற்றச் சொன்னேன். அவருக்கு அது பெரிய விசயமாகப் படவில்லை.

புதிய காரிலும் ஒரு குறும்பு இருக்கிறது. வழுக்கலைத் தடுக்கும் அமைப்பை நிறுத்த ஒரு பொத்தான். அதைச் சில வினாடி அழுத்திப் பிடித்தால் காவல்காரர் வீட்டுக்குப் போய்விடுவார். அதைப் போட்டி ஓடும் பாதைக்காக வைத்தார்கள். மழை நாளில் அதை அழுத்திவிட்டு வயலுக்குள் இறங்கிய ஒரு காரை நான் கட்டி இழுத்திருக்கிறேன். ஓட்டியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த பனைமரம் ஐந்தடி தூரத்தில் நின்றது.

சரி, இனி என்ஜினுக்குள் வருவோம். யாழ்ப்பாணத்துக்கென்றே ஒரு வியாதி இருக்கிறது: கிணற்றுத் தண்ணீர். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ, அதுதான் ரேடியேற்றருக்குள்ளும் படியும். மாமாவின் ட்ரூனோவைத் திறந்தபோது குழாய்களில் பாதி அடைபட்டிருந்தது. வருசக்கணக்காக முற்றத்துக் கிணற்றில் அள்ளி ஊற்றியிருக்கிறார்கள். பழைய என்ஜின் சூடு ஏறினால் கொஞ்சம் முனகித் தாங்கும். புதிய அலுமினிய என்ஜினுக்கு அந்தப் பொறுமை இல்லை, சிலிண்டர் தலை வளைந்தால் செலவு லட்சங்களில் போகும். எந்தத் தலைமுறைக் காராக இருந்தாலும் கூலன்ற்தான் ஊற்றுங்கள். கலப்பதற்கு வடித்த தண்ணீர் வாங்குங்கள்.

அடுத்தது பெற்றோல். மருமகனின் காரில் எரிந்த லைட்டுக்குக் காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் ஏற்றத்தில் மிதித்தால் என்ஜின் 'கிடுகிடு' என்று தட்டியது. 92 ஒக்ரேன் அடித்திருந்தான். அமுக்க விகிதம் என்பது, பற்றவைக்க முன் காற்றையும் பெற்றோலையும் என்ஜின் எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பது. பழைய ட்ரூனோவில் அது 9.4, இவனுடைய காரில் 12.5. அவ்வளவு நெருக்கி அமுக்கினால் மலிவான பெற்றோலில் ஒரு பகுதி, தீப்பொறி மூட்டிய நெருப்பு வந்து சேர முந்தியே தானாகப் பற்றிக்கொள்ளும். கணினி அதை உணர்ந்து தீப்பொறியைப் பின்தள்ளும், கார் ஓடும், ஆனால் காசு கொடுத்து வாங்கிய வலு காணாமல் போகும். 95 அடி என்றேன்.

இந்த இடத்தில் எனக்குப் பழைய ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளில் எரிபொருள் தடை இருந்தபோது ஒஸ்ரின், மொறிஸ் மைனர் எல்லாம் இங்கே மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் கொஞ்சம் காபரேற்றரில் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அமுக்க விகிதம் ஏழு எட்டு அளவில் இருந்த என்ஜின்கள், ஆகவே முக்கி முனகி ஓடின. என்னைப் பழக்கிய பாஸ் அந்தப் புகையிலேயே தொழில் செய்தார். அந்தப் பெருமையில் சிலர் இன்றைக்கும் "எங்கடை பொடியள் எதிலும் ஓட்டுவாங்கள்" என்பார்கள். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெற்றோல் பீச்சும் என்ஜினில் அந்த விளையாட்டு வேண்டாம்.

என்ஜின் எண்ணெயும் அப்படித்தான். 2012 காருக்கும் ஜிஆர்86க்கும் 0டபிள்யூ-20 என்ற மெல்லிய எண்ணெய். "எங்கடை வெய்யிலுக்குத் தடிப்பானது நல்லது" என்று ஊரில் யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். பிளக் மாற்றுவதற்கும் கூலி வேறு. ட்ரூனோவில் மேலே நின்றே கழற்றலாம். பொக்ஸரில் பிளக் பக்கவாட்டில், காரின் இரும்புச் சட்டத்தை ஒட்டி இருக்கிறது, கை போகாது. அரை நாள் கூலி கேட்டால் மெக்கானிக் ஏமாற்றுகிறார் என்று நினைக்கவேண்டாம். 2012, 2013இல் செய்த கார்களை வாங்குபவர்கள் இன்னொன்றும் பாருங்கள். வால்வு ஸ்பிரிங் உடையக்கூடும் என்று 2018இல் அந்தக் கார்கள் திருப்பி அழைக்கப்பட்டன. உங்கள் காருக்கு அந்த வேலை நடந்ததா என்று அடிச்சட்ட (செசி) இலக்கத்தை வைத்து விசாரியுங்கள்.

பழையதை வாங்குபவர்கள் காரைத் தூக்கி அடியைப் பாருங்கள். மேலே பூசிய பெயின்ற் எதையும் சொல்லாது. கடற்கரை ஊரில் நின்ற காராக இருந்தால் தளத்தகட்டில் ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள், உள்ளே போனால் விலையைக் கேட்காமலே திரும்புங்கள்.

கடைசியாக ரயர். மாமா தன் ரயர்களைக் காட்டி, "பூ ஒண்டும் அழியேல்லை, ஓடினதே இல்லையே" என்றார். ரயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் கிழமை, பின் இரண்டும் வருசம். மாமாவின் ரயரில் 2209. 2009ஆம் ஆண்டின் இருபத்திரண்டாவது கிழமை. றப்பர் ஓடாமல் நின்றாலும் காய்ந்து இறுகும், ஈர வீதியில் பிடிக்காது. நகத்தால் அழுத்திப் பார்க்கச் சொன்னேன், பலகை மாதிரி இருந்தது.

மருமகன் சிரித்தான். சிரித்தபடியே குனிந்து தன் காரில் தேடினான். 1712. காரோடு வந்த ரயர், கொழும்பில் இருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் அதில்தான் ஓடி வந்திருக்கிறான்.

இரண்டு கார்களையும் கராஜில் விட்டுவிட்டு, மாமாவும் மருமகனும் கோயிலுக்கு ஒரே ஓட்டோவில் போனார்கள்.