மீன் செத்து மிதந்தால் முதலில் மணியைப் பாருங்கள்

எண்ணூர்ப் பக்கமிருந்து எனக்கு வரும் போன்களில் பெரும்பாலும் ஒரே செய்திதான்: "சார், ஆத்துல மீன் செத்து மெதக்குது." கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வரும். வெள்ளை வயிறு மேலே தெரிய மடவை மீன்கள், பின்னால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி, யாரோ ஆத்திரமாகப் பேசும் குரல். எந்த இடம், எத்தனை மணிக்கு எடுத்தது என்பது மட்டும் அதில் இருக்காது. நாலு குரூப் சுற்றி அது என்னிடம் வருவதற்குள் மத்தியானம் ஆகிவிடும்.

மீன்வள விஞ்ஞானி என்றால் கப்பலில் போகிறவர், மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறவர் என்று பலரும் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. காசிமேட்டில் விடியற்காலை ஏலத்துக்கு நடுவே, கூடைக்காரர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டே மீனை அளப்பதும் உண்டு. ஆனால் வடசென்னையில் வேலை பார்த்தால், மீன் எதனால் செத்தது என்று கண்டுபிடிக்கிற வேலையும் அடிக்கடி வந்து சேரும். அந்த வேலையில் நேரம் போனால் எல்லாம் போச்சு.

சென்னைக் கரையில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை வற்றும். ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையில் ஏறக்குறைய ஆறு மணி நேரம். விடிகாலையில் மீனைக் கொன்ற தண்ணீரில் பெரும்பகுதி, நாங்கள் பாட்டிலோடு வந்து இறங்கும்போது முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குள் போயிருக்கலாம். மீன்களோ கரையோரம் ஒதுங்கிக் கிடக்கும். அந்த மீனையும் வேறு தண்ணீரையும் வைத்துக்கொண்டு நாங்கள் எழுதுகிற அறிக்கையில் "காரணம் உறுதியாகத் தெரியவில்லை" என்றுதான் வரும். அதை வாசிப்பவர்கள் எங்களைச் சந்தேகப்படுகிறார்கள். தப்பு சொல்ல முடியாது.

அதனால்தான் மணி முக்கியம். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் ராத்திரி முழுக்கக் குறைந்துகொண்டே வந்து, பொழுது விடிவதற்குச் சற்று முன்னால் அடிமட்டத்துக்கு வரும். வெயில் ஏறினால் பாசி மறுபடி ஆக்சிஜன் விடும். பெரும்பாலான மீன்களுக்கு லிட்டருக்கு 4, 5 மில்லிகிராமாவது வேண்டும். 2-க்குக் கீழே போனால் திணறும். விடிகாலையில் செத்தால் முதல் சந்தேகம் ஆக்சிஜன் மேல். பட்டப்பகலில், நல்ல வெயிலில் திடீரென்று செத்தால் வேறு ஏதோ உள்ளே வந்திருக்கிறது என்று தேட ஆரம்பிப்போம்.

மீனும் சொல்லும். ஆக்சிஜன் பற்றாமல் செத்த மீன் பெரும்பாலும் வாயைத் திறந்து, செவுள் மூடி விரிந்து கிடக்கும். பெரிய மீன்கள் முதலில் போகும், பொடி மீன்கள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அப்புறம் ஜிலேபியைப் பாருங்கள். ஆக்சிஜன் குறைவை நன்றாகத் தாங்குகிற மீன் அது. மடவையும் கிழங்கானும் செத்து ஜிலேபி மட்டும் மேலே வந்து வாய் பிளந்துகொண்டிருந்தால் ஒரு கதை. ஜிலேபி உட்படப் பெரிசு சிறிசு எல்லாமே ஒரே நேரத்தில் செத்துக் கிடந்தால் கதையே வேறு, அதில் விஷத்தைத் தேட வேண்டும்.

இன்னொன்று, மீன் சாவதற்கு முன்னாலேயே தெரிவது. நண்டு தண்ணீரை விட்டுக் கரையேறும். இறால் ஓரத்துக்கு வந்து குவியும். கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்கள் இதை எங்களுக்கு முன்பே கவனித்துவிடுகிறார்கள். ஆனால் அன்றைக்கு இறால் சுலபமாகக் கிடைக்கிறது என்று சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு. அப்படி அள்ளக் கிடைக்கும் காலையில்தான் எனக்கு போன் வரவேண்டும்.

சரி, நாங்கள் வந்தால் என்ன செய்வோம்? ஆக்சிஜனை அளக்க மீட்டர் இருக்கிறது. ஆனாலும் நான் பழைய விங்க்லர் முறையை விடுவதில்லை. கண்ணாடிக் குப்பியில் ஒரு குமிழிகூட இல்லாமல் தண்ணீரை நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் அங்கேயே, படகிலேயே விடுவோம். மூடியை அழுத்தி இரண்டு தரம் கவிழ்த்தால் பழுப்பாகத் திரிந்து அடியில் படியும். எவ்வளவு ஆக்சிஜன் என்பது லேபில் அப்புறம் தெரியும். ஆனால் திரிந்தது பழுப்பாக இல்லாமல் பால்வெள்ளையாக இருந்தால், அந்தத் தண்ணீரில் ஆக்சிஜன் அறவே இல்லை. கூட நிற்கும் மீனவர்களுக்கும் அது புரிந்துவிடும், விளக்கவே வேண்டியதில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "ஆக்சிஜன் குறைந்ததால் மீன்கள் இறந்தன" என்று அறிவித்துவிட்டுக் கோப்பை மூடுவது எனக்கு உடன்பாடில்லை. அது 'இதயம் நின்றதால் இறந்தார்' என்று எழுதுகிற மரணச் சான்றிதழ் மாதிரி. ஆக்சிஜனைக் குடித்தது எது? பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்த சாக்கடையா? முதல் மழை அடித்து வந்த கழிவா? சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். அப்படியானால் அன்றைக்குத் தண்ணீர் எத்தனை டிகிரி? முகத்துவாரம் மணல் மூடியிருந்ததா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தபோது யாரும் இப்படித் தேட வேண்டியிருக்கவில்லை. படகு, வலை, அலையாத்தி, கூழைக்கடாவின் இறகு என்று எல்லாவற்றிலும் அது ஒட்டிக்கொண்டு நின்றது. மற்ற சமயங்களில் காரணம் அப்படிக் கண்ணெதிரே நிற்பதில்லை.

ஆகவே கரையில் முதலில் பார்ப்பவர்தான் எங்களுக்குக் கண். வீடியோ எடுங்கள், ஆனால் லொக்கேஷனோடு எடுங்கள். மணியையும், தண்ணீர் ஏறுகிறதா வற்றுகிறதா என்பதையும் வாயால் சொல்லிக்கொண்டே எடுங்கள். ஒரு மீனைத் தூக்கிச் செவுளைத் திறந்து கிட்டத்தில் ஒரு படம். மிதக்கிற மீன் பல சமயம் முன்னமே செத்து, மூழ்கி, உப்பி மேலே வந்தது. அழுகிய மீன் எங்களுக்கு உதவாது. சாகிற நிலையில் துடிக்கும் மீன்தான் வேண்டும். கையுறை இல்லையென்றால் ஒரு பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு எடுங்கள். ஐஸில் வையுங்கள், ஃப்ரீசரில் வைக்க வேண்டாம். உறைந்தால் திசு உடைந்துவிடும், மைக்ராஸ்கோப்பில் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. எண்ணெய், பூச்சிமருந்து என்று சந்தேகம் இருந்தால் பிளாஸ்டிக் பையில் போடாமல் அலுமினியத் தாளில் சுற்றுங்கள். கழுவிய பாட்டிலில் தளும்பத் தளும்ப ஒரு தண்ணீர், இருட்டில், ஐஸில்.

நீங்கள் பிடித்த அந்தத் தண்ணீர் கோர்ட்டில் செல்லுமா என்று கேட்பார்கள். 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர் மாதிரி சாட்சியமாக நிற்க வேண்டுமென்றால் அதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்தான் உரிய முறைப்படி எடுக்க வேண்டும். ஆகவே வாரியத்துக்கும் மீன்வளத் துறைக்கும் அந்த நிமிடமே சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள். உங்கள் பாட்டில் வழக்குக்கு ஆகாவிட்டாலும், எதைத் தேட வேண்டும் என்று எங்களுக்குக் காட்டும்.

ஆக்சிஜன் கணக்கு அன்று சாயங்காலமே வந்துவிடும். எண்ணெய், உலோகம் எல்லாம் நாளாகும். அதுவரை அந்த மீனைத் தின்னவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். சும்மா போகிறதே என்று உப்புப் போட்டுக் காய வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். கருவாடாக்கினால் தண்ணீர்தான் போகும். உலோகம் போகாது, மீன் சுருங்கச் சுருங்க அதே எடைக்கு அது கூடத்தான் செய்யும்.