சாக்பீஸ் தூசி அல்ல

பிளஸ் டூ பிராக்டிகலுக்கு முந்தைய வாரம் ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு ஆய்வகப் பாதுகாப்புத் தணிக்கைக்குப் போயிருந்தேன். தரை பளபளத்தது. விதிமுறைகளைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். தீயணைப்பானைக்கூடத் துடைத்திருந்தார்கள். நாம் வரும் தேதி தெரிந்துவிட்டால் எந்தப் பள்ளியும் இப்படித்தான் இருக்கும். அதனால் நான் முதலில் கேட்பது அலமாரிச் சாவியைத்தான்.

திறந்ததும் மூக்கு எரிந்தது. பாட்டில்களின் கழுத்திலும் தோளிலும் மெல்லிய வெள்ளைப் பொடி. "சாக்பீஸ் தூசி சார், வாரம் ஒருதடவை துடைச்சிடுவேன்" என்றார் ஆய்வக உதவியாளர். வெறுங்கையில் ஒரு பழைய துணி.

ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அம்மோனியா கரைசலும் ஒரே தட்டில் நின்றன. மூடி இடுக்கில் கசியும் இரண்டு ஆவிகளும் சேர்ந்து அம்மோனியம் குளோரைடாகப் படிந்திருக்கின்றன. உப்புப் பகுப்பாய்வில் கண்ணாடித் தண்டை அமிலத்தில் நனைத்துக் காட்டி, "அடர்ந்த வெண்புகை" என்று மாணவர்கள் எழுதி மார்க் வாங்குவார்களே, அதே வினை. பூட்டிய அலமாரிக்குள் வருடம் முழுக்க நடந்துகொண்டிருக்கிறது.

பொடியை விட எனக்குப் பயம் தந்தது பக்கத்துத் தட்டு. 'ஆசிட்' என்று லேபிள் ஒட்டி நைட்ரிக் அமிலத்தையும் தண்ணீர் கலக்காத (கிளேசியல்) அசிட்டிக் அமிலத்தையும் ஒட்டி வைத்திருந்தார்கள். பெயரில்தான் இரண்டும் அமிலம். முன்னது தீயைத் தூண்டும் ஆக்சிஜனேற்றி, பின்னது எரியும் திரவம். அசிட்டிக் அமிலத்தின் ஆவி சுமார் 39 டிகிரியிலேயே தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். வேலூரில் மே மாதம் அறைக்குள் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எரிபவை தனி, ஆக்சிஜனேற்றிகள் தனி, அமிலமும் காரமும் தனித்தனி. அகரவரிசை அடுக்கலும் ஆபத்துதான். புத்தகத்துக்கு ஒத்துவருவது பாட்டிலுக்கு ஒத்துவராது.

எப்போதோ ஓய்வுபெற்ற ஆசிரியர் வாங்கிவைத்த பிக்ரிக் அமிலம் சில பள்ளிகளில் இன்னும் கிடக்கிறது. ஈரத்தோடு இருக்கும்வரை பிரச்சினை குறைவு. காய்ந்துவிட்டால் உராய்விலேயே வெடிக்கலாம். மூடியில் மஞ்சள் படிகம் தெரிந்தால் திறக்கவும் வேண்டாம், நகர்த்தவும் வேண்டாம். அறையைப் பூட்டிவிட்டுத் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.

தலைமையாசிரியர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அமில வீச்சு வழக்கொன்றில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு கடைக்காரர்களுக்கு மட்டுமானதல்ல. அமிலம் இருப்பு வைக்கும் கல்வி நிறுவனங்கள் பயன்பாட்டுப் பதிவேடு எழுதி உட்கோட்ட நடுவரிடம் (சப்-டிவிஷனல் மாஜிஸ்திரேட்) தாக்கல் செய்ய வேண்டும். பாதுகாப்புக்கு ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். ஆய்வகத்தை விட்டு வெளியேறுபவர்களைச் சோதிக்க வேண்டும். "யார் பொறுப்பு?" என்று கேட்டால் கெமிஸ்ட்ரி டீச்சர் உதவியாளரைப் பார்ப்பார், உதவியாளர் என்னைப் பார்ப்பார்.

அன்று பிராக்டிகல் ஒத்திகையும் நடந்தது. பியூரெட்டில் பெர்மாங்கனேட். ஆக்சாலிக் அமிலத்தைப் பிப்பெட்டில் வாயால் உறிஞ்சிக்கொண்டிருந்தாள் ஒரு பெண். வாய்க்குப் பதிலாக உறிஞ்சும் ரப்பர் பல்பு இல்லையா என்றேன். உதவியாளர் ஸ்டாக் ரெஜிஸ்டரைப் புரட்டி, "பன்னிரண்டு இருக்கு சார்" என்றார். அலமாரியில் பார்த்தால் பன்னிரண்டும் இருந்தன, கவர் பிரிக்காமல்.

"கிழிஞ்சா கணக்குக் கேப்பாங்க சார்."