பசி அடங்கலன்னு சொன்னா நம்புங்க

குன்னூர்ல கிளினிக் வச்சிருக்கேன், இங்க அடிக்கடி காதுல விழுற ஒரு பேச்சு இருக்கு, "இவ வாயக் கட்ட மாட்டேங்குறா டாக்டர், நீங்களாவது சொல்லுங்க"ன்னு வீட்டுக்காரரோ மாமியாரோ சொல்வாங்க, அந்தம்மா பக்கத்துல தலைய குனிஞ்சு உக்காந்திருக்கும்போதே. எனக்கு அதக் கேட்டாலே மனசு கஷ்டமா இருக்கும்.

டீ ஃபேக்டரில நைட் ஷிஃப்ட் பாக்குற ஒரு அக்கா அப்படித்தான் வந்தாங்க. வீட்டுக்காரர் மாத்திரை வாங்க வெளிய போனதும் மெதுவா சொன்னாங்க, "சோறு சாப்ட்டு கை கழுவுறப்பவே இன்னும் ஏதாச்சும் வேணும்போல இருக்குங்க, டீயும் ரெண்டு வர்க்கி பிஸ்கட்டும் உள்ள போனாத்தான் நிக்குது, பொய் சொல்லலீங்க டாக்டர்."

அவங்க சொல்றது உண்மை. உடம்புல இருக்கற கொழுப்பு செல்லே லெப்டின்னு ஒரு ஹார்மோன சுரக்குது, அது ரத்தத்துல போய் மூளைல ஹைப்போதலாமஸ்ங்கற இடத்துல "கையிருப்பு போதும்"னு தெரியப்படுத்தணும். 1994ல நியூயார்க் ராக்ஃபெல்லர் யுனிவர்சிட்டில ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழு இதோட ஜீன கண்டுபிடிச்சப்போ, அப்பாடா குண்டுக்கு மருந்து கெடச்சிருச்சுன்னுதான் பலரும் நெனச்சாங்க. ஆனா எடை கூடினவங்க ரத்தத்த அளந்து பாத்தா லெப்டின் கம்மியா இல்ல, நெறயவே இருந்துச்சு! பொறப்புலயே லெப்டின் சுரக்காத கொழந்தைங்க ரொம்ப ரொம்ப அபூர்வம், அவங்களுக்கு ஊசி போட்டா பசி அப்படியே அடங்குது, மத்தவங்களுக்கு பெருசா கேக்கல.

காரணம் அந்த மூளை செல்லுக்குள்ள இருக்கு. லெப்டின் ரிசெப்டர்ல, அதாவது அத வாங்கிக்கறதுக்குன்னே செல்லு மேல இருக்கற எடத்துல, வந்து ஒட்டினதும் ஜாக்2ங்கற என்சைம் வேலைய ஆரம்பிக்கும், அது ஸ்டாட்3ங்கற புரதத்த முடுக்கிவிடும், அது நியூக்ளியஸுக்குள்ள போய் பசிய அடக்குற ஜீன்கள எழுப்பும், கூடவே சாக்ஸ்3ன்னு இன்னொரு புரதத்தயும் உண்டாக்கும், இந்த சாக்ஸ்3 திரும்பி வந்து ஜாக்2வயே பிடிச்சு நிறுத்திடும். இது எல்லாருக்கும் இருக்கற பிரேக்தான். லெப்டின் எந்நேரமும் அதிகமா இருந்தா பிரேக்கும் விடாம அழுத்தியே கெடக்கும், சேதி உள்ள போகாது. ஃபேக்டரி பக்கத்துலயே குடியிருக்கறவங்களுக்கு டீத்தூள் வாசனை தெரியாம போற மாதிரி. மூளை என்ன நெனைக்கும்? ஆள் பட்டினி கெடக்கறார்னு நெனைக்கும், பசியக் கூட்டும்.

அதனாலதான் பத்தே நாள்ல எடை குறைக்கிறேன்னு பட்டினி கெடக்காதீங்கன்னு திரும்பத் திரும்ப சொல்றேன். எடை எறங்கினா லெப்டின் எறங்கும், வயித்துல சுரக்குற க்ரெலின்ங்கற பசி ஹார்மோன் ஏறும். 2011ல வந்த ஒரு ஆஸ்திரேலிய ஆய்வுல எடை குறைச்சு ஒரு வருசம் ஆனப்புறமும் இந்த ஹார்மோன்கள் பழைய நெலமைக்கு வரல, பசியும் கூடவேதான் இருந்துச்சு. எறங்கின எடை திரும்ப ஏறுதுன்னா அந்தாளுக்கு வைராக்கியம் இல்லன்னு யாரும் சொல்லிடாதீங்க, தயவு செஞ்சு.

தூக்கமும் இதுல சேரும். 2004ல சிகாகோல ஆரோக்கியமான வாலிபப் பசங்கள ரெண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டுப் பாத்தாங்க, நல்லா தூங்கினப்போ இருந்தத விட லெப்டின் 18 சதவீதம் கம்மி, க்ரெலின் 28 சதவீதம் ஜாஸ்தி. சின்ன ஆய்வுதான், ஆனா சீசன்ல ராத்திரி ஷிஃப்ட் பாக்குற நம்ம ஜனங்கள நெனச்சுப் பாருங்க, குளிருக்கு சர்க்கரை போட்ட டீ வேற ஓடிட்டே இருக்கும்.

அந்த அக்காவுக்கு நான் முதல்ல டயட் சார்ட் குடுக்கல. பகல்ல ஜன்னல்ல கம்பளி தொங்கவிட்டு ரூம இருட்டாக்கி தூங்கச் சொன்னேன், குறட்டை இருக்கான்னு வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன், சுகரும் தைராய்டும் பாக்க எழுதினேன். ஷிஃப்டுக்கு வர்க்கிக்கு பதிலா அவிச்ச முட்டையோ அவரை சுண்டலோ, புரதம் இருந்தா வயிறு கொஞ்சம் நேரம் தாங்கும். இடுப்பளவ டேப் வச்சு எடுங்க, நம்ம ஊர்ப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 தாண்டினா டாக்டர பாருங்க.

ஆன்லைன்ல லெப்டின் மாத்திரைன்னு விக்கிறத வாங்காதீங்க, லெப்டின் ஒரு புரதம், வாய்வழியா போனா வயித்துலயே செரிச்சுடும். இப்ப வர்ற செமாக்ளூடைடு மாதிரி வார ஊசி வேற, அது குடல்ல சுரக்குற ஜிஎல்பி1 ஹார்மோன் மாதிரி வேலை செஞ்சு பசிய நெசமாவே குறைக்குது, ஆனா அத டாக்டர் பாத்துதான் ஆரம்பிக்கணும், நிறுத்தினா நெறய பேருக்கு பசியும் எடையும் திரும்புதுங்கறத முதல்லயே பேசிட்டு.