ஓட்டு: சொல்லும் பொறுப்பும்

'ஓட்டு' ஆங்கிலம் வழியாக வந்த சொல். ஆங்கிலத்துக்கு அது லத்தீனிலிருந்து போனது. லத்தீனில் 'வோட்டும்' என்றால் தெய்வத்திடம் நேர்ந்துகொள்வது. தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் அது 'பொருத்தனை', கத்தோலிக்கர் வழக்கில் 'நேர்ச்சை'. ரோமர்கள் தேர்தலுக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. அதற்கு 'சஃப்ராகியும்' என்று வேறு சொல் வைத்திருந்தார்கள். நேர்ச்சை என்ற பொருள் விருப்பம் என்று விரிந்து, பிறகுதான் அந்த விருப்பத்தைத் தெரிவிக்கும் செயலுக்குப் பெயரானது.

நாம் எழுத்தில் 'வாக்கு' என்கிறோம். வடமொழியில் பேச்சைக் குறித்த சொல், தமிழில் கொடுத்த உறுதியையும் குறித்தது. 'வாக்குத் தவறாதவர்' என்பதிலும், சபையில் நாம் சொல்லும் 'வாக்குத்தத்தம்' என்பதிலும் இருப்பது இதே வாக்குதான். வாக்காளர், வாக்குரிமை, வாக்குச்சீட்டு என்று நன்றாக வேர்விட்டுவிட்ட சொல். இதற்கு மாற்று தேட வேண்டிய அவசியம் இல்லை என்றே நினைக்கிறேன்.

சரி, புதிய ஏற்பாட்டில் ஓட்டு உண்டா? உண்டு, ஆனால் தமிழில் படித்தால் கண்ணில் படாது. கிரேக்கத்தில் 'ப்சேஃபோஸ்' என்றால் கூழாங்கல். தீர்ப்புச் சொல்லும்போது கல்லைப் போட்டுத் தங்கள் முடிவைத் தெரிவித்தார்கள்; அதனால் கல்லின் பெயரே ஓட்டுக்கும் ஆகிவிட்டது. அப்போஸ்தலர் 26:10இல் பவுல் அகிரிப்பா ராஜாவின் முன் நின்று, தான் மனம் மாறுவதற்கு முன் துன்பப்படுத்திய பரிசுத்தவான்கள் (இயேசுவை விசுவாசித்தவர்கள்) 'கொலைசெய்யப்படுகையில் நானும் சம்மதியாயிருந்தேன்' என்கிறார். கிரேக்க மூலத்தில் இருப்பது, 'அவர்களுக்கு எதிராக என் கல்லைப் போட்டேன்' என்பது. அவர் யூதர்களின் ஆலோசனைச் சங்கத்தில் உண்மையிலேயே ஓட்டுப் போட்டாரா, சம்மதத்தை அப்படிச் சொன்னாரா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எப்படியானாலும், ஆட்களைச் சிறையில் அடைத்ததோடு இதையும் தன் செயலாகவே சேர்த்துச் சொல்கிறார். 'எல்லோரும் சேர்ந்துதானே முடிவெடுத்தார்கள்' என்று ஒதுங்கவில்லை. கிறிஸ்தவ வாக்காளருக்கு இதைவிடக் கூர்மையான வசனம் எனக்குத் தெரியவில்லை. நம் ஓட்டால் யாருக்குத் தீங்கு வருகிறதோ, அதில் நமக்கும் பங்கு உண்டு.

யாத்திராகமம் 23ஆம் அதிகாரம் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. திரளான பேர் போகிறார்கள் என்பதற்காகத் தீமையின் பின்னால் போகாதே என்கிறது 2ஆம் வசனம். பரிதானம், அதாவது லஞ்சம், 'பார்வையுள்ளவர்களைக்' குருடாக்கும் என்கிறது 8ஆம் வசனம். வழக்கில் சாட்சி சொல்கிறவர்களுக்கும் தீர்ப்புச் சொல்கிறவர்களுக்கும் சொன்னதுதான். ஆனால் ஓட்டுக்குப் பணம் வாங்குகிறவருக்கும் அப்படியே பொருந்தும். அப்புறம், யாரைத் தேர்ந்தெடுப்பது? மாமனார் எத்திரோ மோசேக்குச் சொன்ன தகுதிகள் யாத்திராகமம் 18:21இல் இருக்கின்றன: திறமை, தேவபயம், உண்மை, பொருளாசையை வெறுத்தல். வேட்பாளர் நம் சபைக்காரர் என்பது மட்டும் இதில் எதையும் நிரூபிக்காது.

தேவபயம் என்றதும் 'நம் மக்களுக்கு என்ன செய்வார்' என்று மட்டும் பார்க்கிறவர்கள் உண்டு. கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் வேறுவிதமாகப் போகிறது. அந்தப் 'பட்டணத்தின் சமாதானத்தைத்' தேடுங்கள், அதற்காக ஜெபியுங்கள் என்கிறார். அது அவர்களைப் பிடித்துக்கொண்டு போனவர்களின் பட்டணம். அங்கே இருந்தவர்கள் வேறு தெய்வங்களைக் கும்பிட்டவர்கள். அவர்களுடைய நன்மையையும் சேர்த்துத்தான் தேடச் சொல்கிறார்.